ஒவ்வொன்றாகக் கழற்று

மின்சாரம் பொய் சொல்லாது. மனிதர்கள் சொல்வார்கள், மனைவிமார் சில சமயம் சொல்வார்கள், மைத்துனர்கள் சொல்லாத நேரமே கிடையாது. ஆனால் மின்சாரம் உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை மாற்றிப் பேசியதில்லை. இந்த மகத்தான உண்மையை விஞ்ஞானி அன்று மத்தியானம் கைப்பிடி உடைந்த ஒரு கோப்பையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. கோப்பைக்கும் அது தெரிந்த விஷயம்தான் போலிருந்தது.

சொல்லிக்கொண்டே, போன ஃப்யூஸை இரண்டு விரலில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். வெளியே மழை பிடித்திருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாய், இரு முனையிலும் உலோகத் தொப்பி, நடுவில் முடி மாதிரி ஒரு கம்பி. ஃப்யூஸ் என்பது அவ்வளவுதான். சுமை தாங்காமல் போனால் கம்பி நடுவில் அறுந்து, அறுந்த நுனிகளில் துளித் துளியாக உருண்டு நிற்கும். ஷார்ட் ஆகிப் போனால் கண்ணாடிக்குள் கரி அப்பிக்கொள்ளும். இதில் துளியும் இல்லை, கரியும் இல்லை. கண்ணாடி அப்போதுதான் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கம்பி அறுந்திருக்கவில்லை. கம்பியே இல்லை. தொப்பி இரண்டையும் கழற்றாமலே யாரோ உள்ளே இருந்ததை மட்டும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

“மட்டமான சரக்கு” என்றார் விஞ்ஞானி. புரியாத எதற்கும் அவர் வைத்திருந்த பெயர் அது.

விஞ்ஞானி என்பது பெற்றவர்கள் வைத்த பெயருமல்ல, எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்த பட்டமுமல்ல. தெரு வைத்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவர், அதை மூடிவிட்டார்கள். மூடியதற்குத் தான் காரணமில்லை என்று அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகுதான் தெருவுக்கு அந்தச் சந்தேகமே வந்தது. அதற்குப்பின் தெருவைப் பார்த்த இந்த முன்னறையில் மேசை போட்டு, மீட்டரும் பற்றவைக்கும் இரும்பும் வைத்து, இதை ‘ஆய்வகம்’ என்று அழைத்துவந்தார். மனைவி ‘அந்த ரூம்’ என்று அழைத்துவந்தாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களிடம் எது தெளிவாகத் தெரிகிறது, இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டிருப்பவள். புருஷன் விஷயத்தில் அவளுக்கு இரண்டு கண்ணாடியிலும் ஒன்றேதான் தெரிந்தது. காலையில் தன் தம்பியின் ஆம்ப்ளிஃபயரைத் தம்பியோடு சேர்த்துத் தூக்கிவந்து இந்த மேசைமேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்கச் சொன்னாள்:

“இத பாருங்க. இது ஒண்ணு ஓடணும். சாயங்காலம் அந்தக் கப்பல்காரர் வந்து இவன் வாசிக்கறதைக் கேக்கப் போறாரு. பிடிச்சா கப்பல் பேண்ட்ல சேத்துக்குவாரு. ஓடலைன்னா இவனுக்குக் கப்பலும் இல்லை, உங்களுக்கு இந்த ரூமும் இல்லை. நாளைக்குக் காலையில எங்க சித்தப்பாவோட பெயின்ட் கடையில போய் உக்காந்துக்குங்க. சொல்லி வச்சாச்சு.”

“பெயின்ட் கடையிலயா? நானா?”

“ஏன், பெயின்ட் கலக்க வேற விஞ்ஞானி வரணுமா?”

மைத்துனன் சிரிப்பை அடக்க ஆம்ப்ளிஃபயரின் தூசியை ஊதினான். விஞ்ஞானி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிபெருக்கிகளின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். முடிப்பதற்குள் இருவரும் போய்விட்டிருந்தார்கள்.

ஆனால் பயம் தங்கிவிட்டது. பெயின்ட் கடை அல்ல பயம். அறை காலியாவதுதான். மீட்டர் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போய், அட்டைப்பெட்டி மாடிப்படிக்குக் கீழே போய், இந்த ஜன்னலுக்குப் பின்னால் வேறு யாரோ கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். அப்புறம் இந்த வீட்டில் அவருக்கென்று ஒரு இடம் எங்கே இருக்கும்? சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி. அதிலும் முக்கால்வாசி நேரம் துவைத்த துணி இருக்கும்.

ஆகவே முறையைக் கையில் எடுத்தார். விஞ்ஞானிக்கு ஒரு முறை இருந்தது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லித்தந்தது. கழித்தல் முறை. சந்தேகப்படும் பாகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே வை. எதைக் கழற்றியதும் கோளாறு நிற்கிறதோ, அதுதான் கோளாறு. இதற்கு மேல் ஒரு வேதம் கிடையாது என்பார்.

முதலில் வால்வுகள். பூண்டுத் தோல்போல மங்கிய கண்ணாடிக் குமிழ்கள். ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கிப் பழைய துணியில் வரிசையாகப் படுக்க வைத்தார். புது ஃப்யூஸ் போட்டார். சுவிட்சைத் தட்டினார்.

ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து மெல்லிய உறுமல் எழுந்தது. அதில் ஆச்சரியம் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் வால்வு இல்லாத ஆம்ப்ளிஃபயர் முனகக்கூட முடியாது. ஆனால் அவர் ஃப்யூஸையே பார்த்துக்கொண்டிருந்தார். உறுமல் ஒரு பெரிய பூனையின் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்து, மேசைப் பலகை வழியாக அவர் முழங்கைக்குள் ஏறி, பல் வரைக்கும் வந்தது. பிறகு அந்த உறுமலுக்கு நடுவே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

டப். ஃப்யூஸ் போய்விட்டது.

மழைச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. விஞ்ஞானி தன் தொண்டையைத் தொட்டுப்பார்த்தார். இரண்டாகப் பிரிந்த செருமல் அது, முதலாவது குட்டை, இரண்டாவது நீளம். தான் ஏதாவது சொல்லப்போகிறோம் என்று உலகத்துக்கு முன்னறிவிப்புத் தருவதற்காக அவர் பல வருஷமாகப் பழகி வைத்திருந்தது. நாமேதான் செருமியிருப்போம் என்று முடிவு செய்தார். அந்த முடிவு பாதி நிம்மதியைத்தான் தந்தது.

ஹோல்டரைத் திருகி ஃப்யூஸை எடுத்தார். கண்ணாடி சுத்தம். கம்பி இல்லை.

கூடவே ஒரு வாசனை. வழக்கமாக எரிந்த வார்னிஷ் நாறும், அல்லது சூடான தூசி. இது சவர சோப்பு. புதிதாக மழித்துக் குளிர்ந்த நீர் தெளித்த ஒரு கன்னம் பக்கத்தில் வந்துவிட்டுப் போனால் காற்றில் நிற்குமே, அது. விஞ்ஞானி தன் தாடையைத் தடவினார். மழித்துப் பல நாளாகியிருந்தது. தகரம் அறுக்கும் ரம்பம் மாதிரி கையில் குத்தியது.

அடுத்து இன்னொரு ஃப்யூஸைப் போட்டு, சீரிஸ் பல்பைக் கொண்டுவந்தார். பழுதுபார்க்கிற எல்லாரிடமும் இருக்கும் எளிய ஏற்பாடு அது. ஒரு பெரிய குண்டு பல்பு. கரண்ட் முதலில் அதற்குள் நுழைந்துதான் ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து ஃப்யூஸைக் காப்பாற்றும். எல்லாம் சரியென்றால் மங்கிவிடும். பொய் சொல்லாத மின்சாரத்துக்குச் சாட்சிக் கூண்டு மாதிரி.

பல்பு பளிச்சென்று எரிந்தது. சரி, ஷார்ட். பிறகு மெதுவாக மங்கியது. மறுபடி மெதுவாக ஏறியது. மங்கியது. ஏறியது. மழை இருட்டில் அறையின் சுவர்கள் மஞ்சளாகப் பக்கத்தில் வந்து, பழுப்பாகத் தள்ளிப்போய், மறுபடி மஞ்சளாகப் பக்கத்தில் வந்தன. அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளின் நிழல்கள் வீங்கி வீங்கிச் சுருங்கின. இதே தாளத்தில் வேறு ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் மூச்சை வெளியே விடும்போது பல்பு ஏறியது. அவர் இழுக்கும்போது மங்கியது. அவர் விட்டதை எதுவோ இழுத்தது. அது விட்டதை அவர் இழுத்தார்.

மூச்சை நிறுத்திப் பார்த்தார். பல்பு பாதி வெளிச்சத்தில் நின்றது. காத்திருந்தது.

சுவிட்சை அணைத்தார். “வோல்டேஜ் ஏற்ற இறக்கம்” என்று கோப்பையிடம் சொன்னார். குரல் அவ்வளவு கம்பீரமாக வரவில்லை.

கதவு திறந்தது. மனைவி டீயோடு வந்தாள். அவரே போய் எடுத்துக்கொள்வதுதான் இந்த வீட்டு வழக்கம். அவள் கொண்டுவருவது என்பது காய்ச்சல் வந்தால்தான். டீயோடு ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட்டும் இருந்தது.

“என்ன இது?” என்றார்.

“நீங்கதானே கேட்டீங்க.”

“நானா?”

“ஆமா. ‘ஒரு வாய் டீ கிடைக்குமாம்மா, சிரமம் இல்லைன்னா’ன்னு. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே நிக்கறேன், கேக்காதா?” அவள் தட்டை வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை. அவருக்கு அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “இப்படி மனுஷன் மாதிரி கேட்டா நான் என்ன தரமாட்டேன்னா சொல்றேன்?”

இந்த இடத்தில் விஞ்ஞானி உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யாரோ அவரைப்பற்றி நல்லதாக ஒன்று சொல்லி வெகுகாலமாகியிருந்தது. டீயும் சூடாக இருந்தது.

“பரவாயில்லை, வை” என்றார். அது தன்னுடைய பணிவுதான் என்பதுபோல.

அவள் போனதும் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். பெட்டியை மூலைக்கு இழுத்துப்போய்ச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அதை ஏன் திருப்பினார் என்று கேட்டிருந்தால் அவரிடம் ஒரு விளக்கம் இருந்திருக்கும், ஒலியியல் சம்பந்தமாக.

பிறகு வேகமாகக் கழற்ற ஆரம்பித்தார். கண்டென்சர்களில் மிச்சமிருந்த மின்சாரத்தை ஸ்க்ரூ டிரைவரால் வடித்தார். பொறி தெறிக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருமூச்சு மட்டும் கேட்டது. கண்டென்சர்களை வெட்டி எடுத்தார். பல்பு எரிந்தது. பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் வயர்களை அறுத்தார். பல்பு எரிந்தது. சின்னதையும் அறுத்தார். எரிந்தது. வெளியே வைக்க வைக்க மேசையில் இடம் போதாமல் தரையில் வைத்தார், ஜன்னல் விளிம்பில் வைத்தார், நாற்காலியில் வைத்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் வெட்டுவதை நிறுத்துவார்கள். இவர் மண்வெட்டியை மாற்றிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் யாரோ வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தம். மைத்துனன். பேஸ் கிடாரைக் கழுத்தில் மாட்டியபடியே கதவில் தலையை நீட்டினான்.

“அத்தான், செம. நீங்க இப்படியெல்லாம் ஜோக் அடிப்பீங்கன்னு தெரியாமப் போச்சே. அக்காகூட சிரிச்சிட்டா.”

“என்ன ஜோக்?”

“அட, திரும்ப வேற சொல்லணுமா?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சரி, நீங்க சொன்ன மாதிரியே போன் போட்டுட்டேன். கப்பல்காரர் கிளம்பிட்டாரு. மழை வலுக்கறதுக்கு முன்னாடி வந்துடறேன்னாரு, நனைஞ்சுதான் வருவாரு பாவம்.” அப்போதுதான் அறையைப் பார்த்தான். தரையெல்லாம் பாகங்கள். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண்ணிலிருந்து மட்டும் இறங்கியது. “அத்தான். முடிஞ்சுபோச்சு, மூடறதுதான் பாக்கின்னு சொன்னீங்க.”

விஞ்ஞானி வாயைத் திறந்தார். நான் சொல்லவில்லை என்றால், யார் சொன்னது என்று கேட்பான். அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர் அவர்.

“ஆமா” என்றார். “மூடறதுதான் பாக்கி.”

“அக்காகிட்ட இதைக் காட்டாதீங்க” என்றான் மைத்துனன் தணிந்த குரலில். “எனக்கு இது ஒண்ணுதான் அத்தான் கையில இருக்கு. பாத்து.” கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். அதட்டியிருந்தால் தேவலை.

இப்போது ஆம்ப்ளிஃபயர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. வெறும் தகரச் சட்டம். பிளக் வயர். சுவிட்ச். ஃப்யூஸ் ஹோல்டர். அதற்கப்பால் போகிற இரண்டு வயர் நுனிகளையும் வெட்டித் தனித்தனியே டேப் சுற்றி, சண்டை போட்ட இரண்டு சம்பந்திகளை ஒரே அறையில் உட்காரவைப்பதுபோல் ஒன்றையொன்று பார்க்காத திசைகளில் வளைத்துவிட்டார். கரண்ட் போக வழியே கிடையாது. வழியில்லாத இடத்துக்குக் கரண்ட் போகாது. மின்சாரம் பொய் சொல்லாது.

சுவிட்சைத் தட்டினார்.

பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. இதற்குமுன் எரியாத வெளிச்சம். வெள்ளை. சுவரில் அவருடைய நிழல் விழுந்தது, மழித்த தாடையோடு.

அணைத்தார். வேறு பிளக் பாயிண்ட். போட்டார். எரிந்தது. வேறு வயர். எரிந்தது. மேசையிலிருந்து தரைக்கு மாற்றினார். சவர சோப்பு வாசனை இப்போது அறை முழுக்க இருந்தது, சோப்பு இப்போதுதான் நனைந்ததுபோல. மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த, எந்த வயரும் இல்லாத ஸ்பீக்கர் பெட்டி செருமியது. முதலாவது குட்டை. இரண்டாவது நீளம்.

“சரி” என்று அதனிடமே சொன்னார் விஞ்ஞானி. “இன்னும் எதைக் கழற்றலை? சொல்லு. எதை?”

பெட்டி சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. அவர் பார்வை தன்னாலேயே இறங்கி, சுவிட்சின்மேல் இருந்த தன் விரலில் நின்றது. வால்வு இருந்தபோதும் இருந்தது, இல்லாதபோதும் இருந்தது. அந்தப் பிளக்கிலும் இந்தப் பிளக்கிலும். மேசையிலும் தரையிலும். ஒவ்வொரு முறையும், ஒரு முறைகூடத் தவறாமல், இந்த அறைக்குள் இருந்த ஒரே பாகம்.

இன்னொருவராக இருந்திருந்தால் அந்த நிமிஷத்தில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியிருப்பார். விஞ்ஞானிக்கு முறை இருந்தது. அத்தனை பயத்திலும், விடை கிடைத்துவிட்ட ஒருவனின் அற்பப் பெருமை நெஞ்சில் ஓர் ஓரமாக ஊறியது. அதுதான் அவரை முடித்தது.

“ஏம்மா, இங்க வா” என்று கூப்பிட்டார்.

அவள் வந்து, தரையைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று அவள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கையில் அவர் முந்திக்கொண்டார்.

“எதுவும் கேக்காத. நான் வெளியே போறேன். இந்த பல்பைப் பாரு. எரியுதா, மங்குதான்னு மட்டும் எனக்குச் சொல்லு.”

“நீங்க வெளிய போனா பல்பு ஏன் மங்கணும்?”

“கழித்தல் முறை.”

“மழை பெய்யுது. குடை எடுத்துக்குங்க.”

கூடத்துக்குப் போனார். “எப்படி இருக்கு?”

“கொஞ்சம் குறைஞ்சிருக்கு.”

வாசற்படி. “இப்ப?”

“இன்னும் குறையுது. அட, ஆமாங்க.” அவள் குரலில் வியப்பு. தம்பியைக் கூப்பிடுவது கேட்டது. “இங்க வந்து பாருடா, அத்தான் கரெக்டாத்தான் சொல்றாரு.”

குடையை எடுக்க மறந்திருந்தார். முற்றத்தைத் தாண்டிக் கேட்டுக்கு வந்தார். அறை ஜன்னலை அவள் திறந்து வைத்திருந்தாள். மஞ்சள் சதுரத்தில் அவள் தலையும் தம்பியின் தலையும் தெரிந்தன, குனிந்து பல்பைப் பார்த்தபடி. தெருவில் சாயங்காலம் வழக்கத்துக்கு முன்பே இறங்கிவிட்டிருந்தது. சாக்கடை நிரம்பிச் சளசளத்தது. நின்றிருந்த கார்களின் கூரைகளில் மழை பட்டாணி கொட்டுவதுபோல் விழுந்தது. எந்த வீட்டிலும் ஒரு ஆள் முகம் இல்லை.

“இப்ப?”

“லேசா எரியுது. இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க.”

பின்னால் போனார். முகத்தை வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, கால்களைப் பின்னுக்கு வைத்து. தண்ணீர் செருப்புக்குள் ஏறியது.

“இன்னும்” என்றாள் மனைவி.

“இன்னும் கொஞ்சம் அத்தான்” என்றான் மைத்துனன்.

எதிர்ச்சாரி நடைபாதையின் விளிம்பு குதிகாலில் இடித்தது. ஏறினார். எதிர்வீட்டு மதில் முதுகில் பட்டது. அதற்குமேல் போக இடமில்லை.

“அணைஞ்சிடுச்சு” என்றாள் அவள் சந்தோஷமாக. “நின்னுடுச்சுங்க.”

பிறகு தலையைத் திருப்பினாள். அறைக்குள் ஏதோ கேட்டு, அதற்குப் பதில் சொல்வதுபோல். அவள் சிரித்துத் தலையாட்டுவது தெரிந்தது. “ஆமா, சாரல் அடிக்குது, நனைஞ்சுடும்” என்று யாருக்கோ சொன்னாள். தெருப்பக்கம் பார்க்காமலே ஜன்னலைச் சாத்தினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் மேசை விளக்கு எரிந்தது. அவருடைய முக்காலியில் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அவருடைய முதுகு. அவருடைய சட்டை, ஆனால் தேய்த்தது. கைகள் மட்டும் வேறு. அவசரமில்லாத கைகள். தரையிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் இடத்தில் வைத்து, அடுத்ததை எடுத்தன. மைத்துனன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். மனைவி முக்காலிக்குப் பின்னால் வந்து, அந்த ஆளின் தோளில் கையை வைத்தாள். சாதாரணமாக. எப்போதும் வைக்கிற மாதிரி.

விஞ்ஞானி தெருவில் இறங்கி ஓடினார்.

பாதித் தெருவில் வீட்டு விளக்குகள் நடுங்கின. கேட்டைத் தொட்டதும் வீடு மொத்தமும் இருண்டது. உள்ளே மனைவி வீறிட்டாள். அது பயத்தின் வீறிடல், அவள் அப்படி வீறிட்டு அவர் அதுவரை கேட்டதேயில்லை. “ஐயோ, பல்பு வெடிச்சிடுச்சு அக்கா, கண்ணாடி குத்திடப் போகுது, நகராத” என்றான் மைத்துனன் இருட்டில். விஞ்ஞானி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். தொண்டையில் சத்தம் வரவில்லை. செருமிப்பார்த்தார். காற்று மட்டும் வந்தது.

குரல் உள்ளேயிருந்து வந்தது. அவருடைய குரல். மெதுவாக, அன்பாக.

“யாரும் பயப்படாதீங்க. வெளியில ஏதோ கோளாறு. இதோ போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

காலடி. கூடத்தில். வாசலை நோக்கி. முன்கதவின் தாழ்ப்பாள் நகர்ந்தது.

அவர் திரும்பினார். ஓடினார். எதிர்ச்சாரி. மதில். முதுகு ஒட்ட நின்றார்.

விளக்குகள் வந்தன. தாழ்ப்பாள் மறுபடி விழும் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது.

நின்றார். மழை கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. போனால் வீடு இருளும். அவள் வீறிடுவாள். கதவு திறக்கும். போகாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கும். ஆம்ப்ளிஃபயர் ஓடும். தம்பிக்குக் கப்பல் கிடைக்கும். அறையை யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். காலையிலிருந்து அவர் ஆசைப்பட்டது முழுக்க நடந்துகொண்டிருந்தது, தெருவின் அந்தப் பக்கம்.

ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் செய்தித்தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தார்.

“ஏங்க, இந்தத் தெருவில ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் இருக்காராமே. அவர் மச்சினன் பேஸ் வாசிப்பாராம். வீடு தெரியுமா?”

விஞ்ஞானி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். வாயை அசைத்தார். காற்று. மறுபடி அசைத்தார். கப்பல்காரர் பிடியை மெதுவாக விலக்கி, பைக்குள் கைவிட்டுச் சில்லறை தேடினார்.

ஜன்னலில் மைத்துனன் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் நெற்றியை அழுத்தி. சின்ன வயதில் மாம்பழம் வாங்கப் போனவர்களை எதிர்பார்த்து நிற்பானே, அந்த முகம்.

விஞ்ஞானி கையைத் தூக்கினார். வீட்டைக் காட்டினார்.

“தேங்க்ஸ்” என்றார் கப்பல்காரர். ஒரு நாணயத்தை மதில் மேல் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார்.

கதவு திறந்தது. வாசல் வெளிச்சத்தில் நின்றவருக்கு விஞ்ஞானியின் முகம் இருந்தது. மழித்த முகம். விருந்தாளியின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே அழைத்தது. வரலாறு எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

பிறகு பேஸ். காதில் விழுவதற்கு முன் பாதத்தில் விழுந்தது. ஒரே ஒரு ஸ்வரம், நீளமாக, சுத்தமாக, உறுமலோ கரகரப்போ இல்லாமல். நடைபாதைக் கல் அதிர்ந்தது, தேங்கிய தண்ணீரில் வளையங்கள் ஓடின, முதுகுக்குப் பின்னால் மதில் அதை வாங்கி அவருடைய விலா எலும்புகளுக்குள் அனுப்பியது. கப்பல்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார். மனைவி கையைக் கன்னத்தில் வைத்து நின்றாள்.

அந்த முகம் மட்டும் ஜன்னலுக்கு வந்தது. திரைச்சீலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தெருவைத் தாண்டி, இருட்டைத் தாண்டி, மதிலோடு ஒட்டி நின்றவரை நேராகப் பார்த்தது. அது மூச்சை இழுத்தபோது அவர் நெஞ்சிலிருந்து மூச்சு போனது. அது விடும்வரை அவர் காத்திருந்தார். அவசரமில்லாமல் விட்டது. பிறகு, மேசை அவருக்குத் தெரிய வேண்டும் என்பதுபோல், ஓர் எட்டு ஒதுங்கி நின்று இடம் விட்டது.

மேசை துடைத்துக் கிடந்தது. ஆம்ப்ளிஃபயரின் பின்மூடி நாலு மூலையும் பொருந்தி உட்கார்ந்திருந்தது. ஒரு ஸ்க்ரூகூட மிச்சம் விழவில்லை. அவர் மூடிய எந்தப் பெட்டியிலும் அப்படி நடந்ததே கிடையாது.